பழைய பிக்கப் வண்டியில் டாஷ் பேட் மாற்றுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

டாஷ்போர்டின் மேல்பக்கத்தை மூடியிருக்கும் மெத்தென்ற உறைதான் டாஷ் பேட். வெயிலில் வெடித்துப்போன டாஷ் பேடை மாற்றும் வேலையில், புதிய பேடை அதன் இடத்தில் உட்காரவைக்க ஆகும் நேரம் மிகக் குறைவு. சுற்றியிருக்கும் சட்டங்களை உடையாமல் கழற்றுவதும், புதியதை இறுக்காமல் வைத்துப் பார்த்துச் சரிசெய்வதும்தான் நேரத்தை விழுங்கும். புதிதாகச் செய்பவர்கள் அந்த இரண்டிலும்தான் அவசரப்படுகிறார்கள். பிறகு ஓரத்தில் இடைவெளி தெரியும், ஓடும்போது கிரீச்சிடும், பேடின் அடியில் நீட்டி நிற்கும் மரையுள்ள கம்பி (ஸ்டட்) சுற்றிக்கொண்டு நட் இறங்காது. இந்த வழிகாட்டி அந்த இரண்டு இடங்களிலும் நிதானமாக நிற்கிறது.

1. எந்தப் பேட் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

பழைய பேடுக்குள் இரும்பு அல்லது பிளாஸ்டிக் சட்டம், அதன்மேல் நுரை, அதற்கும் மேல் வினைல் தோல் என மூன்று அடுக்கு இருக்கும். வினைலை மென்மையாக வைத்திருக்கும் சேர்மானம் வெயிலிலும் சூட்டிலும் ஆண்டுக்கணக்கில் வெளியேறிவிடுவதால் தோல் சுருங்கி இறுகுகிறது. அது சுருங்கும்போது, ஸ்பீக்கர் ஓட்டை, காற்று வரும் வென்ட்டின் மூலை போன்ற பலவீனமான இடத்தில் வெடிக்கிறது.

கடையில் இரண்டு வகை கிடைக்கும். ஒன்று, பழையதை எடுத்துவிட்டு அதன் இடத்தில் வைக்கும் முழுப் பேட். இன்னொன்று, பழைய பேடின் மேலேயே ஒட்டும் மெல்லிய பிளாஸ்டிக் மூடி. நுரை பொடியாக உதிர்கிறது, சட்டம் வளைந்திருக்கிறது, ஓரங்கள் மேலே தூக்கி நிற்கின்றன என்றால் மூடி பயன்படாது, முழுப் பேட்தான். வெடிப்பு மட்டும்தான், மற்றபடி வடிவம் கெடவில்லை என்றால் மூடி போதும். மூடி ஒட்டும் முறை கடைசிப் பகுதியில் இருக்கிறது.

வாங்கும்போது மாடல் பெயரை மட்டும் நம்பாதீர்கள். ஒரே பெயருள்ள வண்டியில் டாஷ்போர்டு நடுவில் மாறியிருக்கும். ஃபோர்டு எஃப் வரிசையில் 1987-லும் 1992-லும் டாஷ்போர்டு மாறியது. செவர்லே சி/கே வரிசையில் 1995-ல் மாறியது. டாட்ஜ் ராமில் 1994 முதல் 1997 வரை ஒன்று, 1998 முதல் 2001 வரை வேறொன்று. ஆண்டோடு கூட, ஏசி உள்ளதா, நடுவில் ஸ்பீக்கர் கிரில் உள்ளதா, வென்ட்கள் எத்தனை, ஸ்டீயரிங் எந்தப் பக்கம் என்பதையும் பழைய பேடைப் பார்த்தே குறித்துக்கொள்ளுங்கள்.

2. ஏர்பேக் இருந்தால் இங்கேயே நிறுத்துங்கள்

இங்கே சொல்லும் முறை பயணி பக்கம் ஏர்பேக் இல்லாத வண்டிகளுக்கானது. டாஷ்போர்டுக்குள் ஏர்பேக் இருந்தால் பேடின் அந்தப் பகுதி குறிப்பிட்ட கோட்டில் கிழிந்து திறக்கும்படி செய்யப்பட்டிருக்கும். அதன்மேல் எதையும் ஒட்டக்கூடாது. ஸ்டீயரிங்கில் மட்டும் ஏர்பேக் உள்ள வண்டியில் பேட்டரியைக் கழற்றிய பின் தயாரிப்பாளரின் கையேடு சொல்லும் நேரம் வரை காத்திருங்கள். மின்சாரம் போன பின்னும் ஏர்பேக் அமைப்பில் சிறிது நேரம் சக்தி தேங்கி நிற்கும். ஏர்பேக் கம்பிகளின் மஞ்சள் நிறக் கனெக்டர்களில் மல்டிமீட்டரை வைக்கவே கூடாது.

3. வேலைக்கு முன் சேர்த்துவைக்க வேண்டியவை

இரண்டாம் எண் ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் நீளமாக ஒன்று, மிகக் குட்டையாக ஒன்று. கண்ணாடிக்கு அடியில் உள்ள ஸ்க்ரூக்களுக்கு நீளமானது நேராக நுழையாது, சாய்த்துத் திருப்பினால் தலை மழுங்கும். சிறிய ராட்செட், நீட்டிப்புக் கம்பி, 5.5, 7, 8, 10 மி.மீ. சாக்கெட்டுகள். பழைய அமெரிக்க வண்டிகளுக்கு 1/4, 5/16, 3/8 அங்குலமும் வேண்டும்.

உலோக நெம்புகோலுக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் நெம்புகோல் இரண்டு, காந்த முனைக் கம்பி, மாஸ்கிங் டேப், எழுதக்கூடிய சிறு பைகள், துரு இளக்கும் ஸ்ப்ரே, வட்ட அரம், கூரான கத்தி, 3 மி.மீ. ட்ரில் முனை, முகமூடி. பொருத்துவதற்கு அகலமான வாஷர்கள், ஸ்க்ரூ பிடிக்கும் யூ வடிவக் கிளிப்புகள், ஒரு பக்கம் பசையுள்ள துணி டேப், நுரை டேப்.

கிளிப்புகளைப் புதிதாகவே வாங்கிவிடுங்கள். பழையவை துருப்பிடித்து, கழற்றும்போதே பாதி உடையும். வேலை நடுவில் நான்கு கிளிப்புக்காக வண்டி பிரிந்து கிடப்பதுதான் மிச்சமாகும்.

4. புதிய பேடைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து வையுங்கள்

மடங்கிய நிலையில் வந்த பேட் கொஞ்சம் முறுக்கிக்கொண்டிருக்கும். வேலை தொடங்க ஒரு நாள் முன்பே வெளியே எடுத்து, சமமான மேசையில், கதகதப்பான அறையில் வையுங்கள். நுரையும் வினைலும் தளர்ந்து தன் வடிவத்துக்கு வரும். குளிர்ந்த பேடை வளைத்துச் சரிசெய்யப் பார்த்தால் தோலில் மடிப்பு விழும், அது போகாது.

அப்படியே கவிழ்த்து ஸ்டட்கள் நேராக நிற்கின்றனவா, எண்ணிக்கை சரியா என்று பாருங்கள். ஒவ்வொரு ஸ்டட்டிலும் ஒரு நட்டைக் கையாலேயே கடைசி வரை ஓட்டிப் பாருங்கள். மரையில் நுரையோ பசையோ ஒட்டியிருந்தால் இப்போதே துடைத்துவிடலாம். டாஷ்போர்டுக்கு அடியில் தலைகீழாகப் படுத்துக்கொண்டு அதைச் செய்ய முடியாது.

5. வண்டியைத் தயார்படுத்துதல்

சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். கியர் லீவர் ஸ்டீயரிங் கம்பத்தில் இருக்கும் ஆட்டோமேட்டிக் வண்டியில், மீட்டர் சட்டம் வெளியே வர லீவரை மிகக் கீழே உள்ள கியர் நிலைக்கு இறக்க வேண்டியிருக்கும். அப்போது பார்க்கிங் பூட்டு விலகிவிடுவதால் கட்டை கட்டாயம்.

ரேடியோவுக்குக் குறியீட்டு எண் இருந்தால் குறித்துக்கொண்டு பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். மீட்டருக்குப் பின்னால் எப்போதும் மின்சாரம் ஓடும் கம்பிகள் உண்டு. உலோக ஸ்க்ரூடிரைவர் ஒன்று அங்கே நழுவினால் ஃபியூஸோடு போனால் நல்லது, சில நேரம் கம்பியே கருகும்.

இருக்கையைப் பின்னால் தள்ளி மேலே போர்வை விரியுங்கள். முன்கண்ணாடியின் கீழ் ஓரம் முழுக்க அட்டை வைத்து டேப் ஒட்டுங்கள். ராட்செட் நழுவிக் கண்ணாடியின் ஓரத்தில் பட்டால் விரிசல் விழ அந்த ஒரு அடி போதும்.

6. கழற்றும் வரிசை

ஒவ்வொரு படியிலும் முதலில் புகைப்படம், பிறகு கழற்றல், பிறகு அந்த ஸ்க்ரூக்களைத் தனிப் பையில் போட்டு இடத்தின் பெயர் எழுதுதல். டாஷ்போர்டு ஸ்க்ரூக்கள் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும், நீளம் வேறுபடும். நீளமான ஸ்க்ரூவைத் தவறான இடத்தில் போட்டால் அது பேடின் தோலை அடியிலிருந்து முட்டி மேலே கொப்புளம்போல் தெரியும், அல்லது கம்பியைத் துளைக்கும்.

முதலில் குமிழ்கள்: ரேடியோ, ஹீட்டர், முகப்பு விளக்கு. விளக்குக் குமிழ் இழுத்து வராவிட்டால் பலம் போடாதீர்கள். சில வண்டிகளில் சுவிட்சின் உடம்பில், டாஷ்போர்டுக்கு அடியில், ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்திக்கொண்டே இழுத்தால் குமிழும் தண்டும் சேர்ந்து வரும். வேறு சிலவற்றில் குமிழின் அடியில் சிறு கிளிப் இருக்கும்.

அடுத்து மீட்டரைச் சுற்றியுள்ள முகப்புச் சட்டம். பழைய பிளாஸ்டிக் கண்ணாடிபோல நொறுங்கும். ஒரு முனை நகர்ந்து மறுமுனை நகரவில்லையென்றால் எங்கோ ஒரு ஸ்க்ரூ மிச்சம் இருக்கிறது என்று பொருள். சாம்பல் தட்டைத் திறந்து பாருங்கள், மேல் ஓரத்துக்கு அடியில் விளக்கடித்துப் பாருங்கள். மறைந்திருக்கும் ஸ்க்ரூவைத் தேடாமல் நெம்புவதுதான் இந்த வேலையில் நடக்கும் மிகப் பெரிய சேதம். பேட் கிடைத்துவிடும், சட்டம் கிடைப்பது கடினம்.

பேடைத் தூக்க மீட்டரை எடுத்தே ஆக வேண்டுமா என்பது வண்டியைப் பொறுத்தது. பலவற்றில் அதன் ஸ்க்ரூக்களை விலக்கி இரண்டு விரல் அளவு முன்னே சாய்த்தால் போதும். அதற்கு மேல் இழுத்தால் ஸ்பீடோமீட்டர் கேபிள் தடுக்கும். கையைப் பின்னால் விட்டு கேபிள் முனையின் பிடிப்பை அழுத்தி விடுவியுங்கள், அல்லது திருகு வளையமாக இருந்தால் அவிழுங்கள். மீட்டரின் முதுகில் செப்புக் கோடுகள் பதித்த மெல்லிய தாள் இருக்கும். அதைப் பிடித்து இழுக்காதீர்கள், கிழிந்தால் மீட்டர்கள் வேலை செய்யாது.

பிறகு கிளவ் பாக்ஸை முழுவதும் எடுத்துவிடுங்கள். பயணி பக்கத்து நட்களுக்குக் கை போகும் வழி அதுதான். கடைசியாக ஸ்பீக்கர் கிரில், கண்ணாடியோரத் தூண்களின் மூடி, முன்கண்ணாடியில் படியும் பனிமூட்டத்தைப் போக்கக் காற்று விடும் டீஃப்ராஸ்டரின் கிரில்.

7. பழைய பேடைத் தூக்குதல்

பேடைப் பிடித்திருப்பவை பொதுவாக மூன்று இடங்களில் இருக்கும்: இருக்கைப் பக்கத்து உதட்டின் கீழே ஸ்க்ரூக்கள், அடியிலிருந்து ஸ்டட்களில் நட்கள், கண்ணாடிப் பக்கம் ஸ்க்ரூக்கள் அல்லது செருகு கிளிப்புகள். அடியில் உள்ளவற்றை முதலில் எடுங்கள். மேலே உள்ளவை பிடித்திருக்கும்வரை பேட் அசையாது, அதனால் அடியில் இருக்கும் நட் கோணலாகி மாட்டிக்கொள்ளாது.

கண்ணாடிப் பக்கத்து ஸ்க்ரூக்கள்தான் ஈரம் பட்டுத் துருப்பிடித்தவை. முந்தைய நாளே துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து வையுங்கள். திருப்பும்போது முதலில் ஒரு இம்மி இறுக்கி, பிறகு தளர்த்துங்கள், துருப்பிடிப்பு உடையும். தலை மழுங்கிவிட்டால் பேட் எப்படியும் குப்பைக்குத்தான் போகிறது, அதை அந்த இடத்தில் வெட்டி எடுத்துவிட்டு ஸ்க்ரூவின் உடலை இடுக்கியால் பிடித்துத் திருப்பலாம்.

எல்லாம் எடுத்த பின் இருக்கைப் பக்க ஓரத்தைச் சற்றே உயர்த்தி உங்களை நோக்கி இழுங்கள். ஸ்டட் உள்ள பேடானால் அவை துளையைத் தாண்டும்வரை நேர்மேலாகத் தூக்கிய பிறகே இழுக்க வேண்டும். வரவில்லையென்றால் மறுபடியும் தேடுங்கள். நுரை உதிர்ந்து தூசி பறக்கும், முகமூடி போட்டுக்கொள்ளுங்கள். பழைய பேடை வேலை முடியும்வரை எறியாதீர்கள்.

8. திறந்து கிடக்கும்போது செய்ய வேண்டியவை

டீஃப்ராஸ்டர் குழாயின் வாயைத் துணியால் அடைத்துவிட்டுத் தூசியை உறிஞ்சி எடுங்கள். அடைக்காவிட்டால் ஸ்க்ரூவும் நுரைத் துண்டும் உள்ளே விழும். பிறகு ஹீட்டர் போடும்போதெல்லாம் முகத்தில் பறக்கும்.

கண்ணாடிக்குக் கீழே இரும்பில் துரு இருந்தால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தே தீர வேண்டும். வெளியிலிருந்து கண்ணாடி ஓரத்தில் மெதுவாகத் தண்ணீர் ஊற்றி, உள்ளிருந்து ஒருவர் விளக்கடித்துப் பார்க்கட்டும். கசிவை அடைக்காமல் புதிய பேட் போட்டால், அதன் அடிச்சட்டமும் ஸ்க்ரூக்களும் அதே வழியில் போகும். துருவைச் சுரண்டி, ப்ரைமர் அடித்து, பளபளப்பில்லாத கறுப்புப் பெயின்ட் பூசுங்கள்.

மீட்டர் விளக்குகள், ஸ்பீக்கர், உரிந்த கம்பிகள், காற்றுக் குழாய் இணைப்பில் சிதைந்த நுரை ஆகியவற்றை இப்போதே மாற்றிவிடுங்கள். கண்ணாடி வழியே தெரியும் வண்டியின் அடையாள எண் (VIN) தகட்டை மட்டும் தொடாதீர்கள். அதன் ரிவெட்டைக் கழற்றுவது பல நாடுகளில் குற்றம்.

9. பழையதும் புதியதும் அருகருகே

இரண்டையும் கவிழ்த்துப் போட்டு ஒவ்வொரு துளையாக ஒப்பிடுங்கள். பல புதிய பேடுகளில் ஸ்க்ரூத் துளைகள் இருக்காது, இருக்கும் குழியும் அடையாளம் மட்டுமே. இப்போது துளை போட வேண்டாம். மாஸ்கிங் டேப்பில் குறித்து மட்டும் வையுங்கள். பழைய பேட் சுருங்கியது, அதன் அளவை அப்படியே புதியதில் மாற்றினால் துளைகள் தள்ளிப்போகும்.

வென்ட், கிரில், தாங்கிகள், கிளிப்புகள் ஆகியவற்றைப் புதியதற்கு மாற்றுங்கள். வென்ட் ஓட்டையில் அச்சின் பிசிறு இருந்தால் கத்தியால் சிறிது சிறிதாகச் சீவி, ஒவ்வொரு முறையும் வென்ட்டை வைத்துப் பாருங்கள்.

10. இறுக்காமல் வைத்துப் பார்த்தல்

வேலையின் தரம் முழுவதும் இங்கேதான் முடிவாகிறது. பேடைக் கண்ணாடிப் பக்கம் முதலில் செருகி, பிறகு இருக்கைப் பக்கத்தை இறக்குங்கள். நட் எதுவும் வேண்டாம், கையால் மட்டும் அமுக்கிப் பாருங்கள். ஸ்டட் துளைக்குள் இறங்கவில்லையென்றால் தட்டி இறக்கக் கூடாது. ஸ்டட்டின் அடித்தகடு நுரைக்குள் மட்டுமே பிடித்திருக்கிறது. ஸ்டட்டை வளைப்பதைவிட வண்டியின் இரும்புத் துளையை வட்ட அரத்தால் நீட்டுவது பாதுகாப்பானது.

ஐந்து இடங்களைப் பாருங்கள். இரண்டு தூண்களின் அருகே இடைவெளி சமமாக இருக்கிறதா? கண்ணாடி ஓரத்தில் பேட் முட்டுகிறதா? டீஃப்ராஸ்டர் ஓட்டை குழாயின் வாய்க்கு நேராக இருக்கிறதா? மீட்டர் சட்டத்தைத் தற்காலிகமாக வைத்தால் அதன் மேல் ஓரம் பேடின் உதட்டுக்குள் போகிறதா? கிளவ் பாக்ஸ் கதவு உரசாமல் மூடுகிறதா?

புதியவர்கள் கடைசி இரண்டையும் பார்ப்பதில்லை. பேட் மேலே அழகாக உட்கார்ந்திருக்கும், எல்லாம் இறுக்கிய பிறகு சட்டத்தின் ஸ்க்ரூத் துளைகள் கீழே தள்ளி நிற்கும். சட்டத்தை இழுத்து ஸ்க்ரூ போட்டால் சில நாள் வெயிலில் அது வெடிக்கும்.

ஒரு பக்கம் உயர்ந்திருந்தால் முதலில் அடியில் கம்பியோ கிளிப்போ சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தாங்கியை இலேசாக வளையுங்கள். தாழ்ந்திருந்தால் ஸ்டட்டுக்கு வாஷர் அடுக்கி உயர்த்துங்கள். கண்ணாடியில் முட்டினால் ஓரத்தைச் சீவும் முன் பேட் முழுவதும் இருக்கைப் பக்கமாக வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், சீவியதைத் திரும்ப ஒட்ட முடியாது. முனை மட்டும் தூக்கி நின்றால், முடி உலர்த்தும் கருவியைத் தள்ளிப் பிடித்து மிதமாகச் சூடாக்கி, ஆறும்வரை கையால் அமுக்கிப் பிடியுங்கள். ஓரிடத்திலேயே சூடு காட்டினால் வினைலின் சொரசொரப்பு உருகி வழவழப்பாகிவிடும்.

எல்லாம் பொருந்திய பிறகு, பேட் அதன் இடத்தில் இருக்கும்போதே, வண்டியின் துளைகள் வழியாகக் குறித்து 3 மி.மீ. துளை போடுங்கள். ட்ரில் முனையில், தேவையான ஆழத்துக்கு டேப் சுற்றிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் முனை தோலைத் துளைத்து மேலே வரும்.

11. நிறம் அடிப்பதானால்

பொருத்திப் பார்த்த பிறகு, இறுதியாக மாட்டும் முன் அடிக்க வேண்டும். அச்சிலிருந்து பேட் எளிதாகக் கழல அடித்த மெழுகு மேலே இருக்கும். சோப்புத் தண்ணீரால் கழுவி, உலர்த்தி, மெழுகு நீக்கும் திரவத்தால் துடைத்த பிறகே வினைலுக்கான வளையும் பெயின்ட்டை மெல்லிய பூச்சுகளாக அடிக்கலாம். சாதாரணப் பெயின்ட் வளைந்தால் செதிலாக உரியும். பளபளப்பு வேண்டாம், வெயிலில் முன்கண்ணாடியில் பிரதிபலித்து ஓட்டுபவரின் பார்வையை மறைக்கும்.

12. இறுதியாக மாட்டுதல்

பிளாஸ்டிக்கும் இரும்பும் தொடும் எல்லா இடங்களிலும் துணி டேப் ஒட்டுங்கள். கிரீச் சத்தம் பெரும்பாலும் அந்த உரசல்தான். டீஃப்ராஸ்டர் குழாயின் வாயைச் சுற்றி நுரை டேப் போடுங்கள், அடைத்த துணியை எடுத்துவிடுங்கள்.

ஒவ்வொரு நட்டையும் ஸ்க்ரூவையும் கையால் மூன்று நான்கு சுற்று மட்டும் ஏற்றுங்கள். கடைசி ஒன்றும் ஏறும்வரை எதையும் இறுக்காதீர்கள். முதலில் ஒன்றை இறுக்கிவிட்டால் பேட் அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு எதிர்முனைத் துளைகள் விலகிப்போகும். பிறகு நடுவிலிருந்து இரு பக்கமும் மாறி மாறி இறுக்குங்கள்.

வாஷர் அசையாமல் நின்றதும் நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் ஸ்டட் நுரையோடு பிய்த்துக்கொண்டு சுற்றத் தொடங்கும். நைலான் வளையமுள்ள நட் வேண்டாம், அது ஏறவே அதிகப் பலம் கேட்கும், ஸ்டட் சுற்றிவிடும். மரைப் பசையும் வேண்டாம், சில பிளாஸ்டிக்குகளில் பட்டால் விரிசல் விடும். அகல வாஷர், ஸ்ப்ரிங் வாஷர், சாதாரண நட் போதும்.

13. மற்றவற்றைத் திரும்ப மாட்டுதல்

கழற்றியதற்கு நேர் எதிர் வரிசை. ஆனால் முகப்புச் சட்டத்தை மாட்டும் முன் பேட்டரியை இணைத்து மீட்டர் விளக்கு, இண்டிகேட்டர், வைப்பர், ரேடியோ, டீஃப்ராஸ்டர் காற்று எல்லாவற்றையும் சோதியுங்கள். ஸ்பீடோமீட்டர் கேபிள் சரியாகப் பூட்டியதா என்பதற்கு வண்டியைச் சில அடி நகர்த்திப் பார்க்க வேண்டும். எல்லாம் சரியென்றால் சட்டம், குமிழ்கள், கிளவ் பாக்ஸ்.

சில வெயில் நாட்கள் கழித்து நட்களை ஒருமுறை தொட்டுப் பாருங்கள். நுரை கொஞ்சம் அமுங்கியிருக்கும், தளர்ந்தவற்றை மட்டும் பழைய அளவுக்கு இறுக்கினால் போதும். சிலிகான் கலந்த பளபளப்புத் திரவத்தைப் புதிய பேடில் தடவ வேண்டாம். கண்ணாடியில் எண்ணெய்ப் படலம் ஏற்றும், பின்னால் நிறம் அடிக்க நேர்ந்தால் பெயின்ட் ஒட்டாது.

14. மேல்மூடி ஒட்டுவதானால்

வெடிப்பின் ஓரங்கள் மேலே சுருண்டு நின்றால் அவற்றைக் கத்தியால் சரிவாக வெட்டிச் சமமாக்குங்கள். ஒரு இடம் உயர்ந்திருந்தாலும் மூடி அதன்மேல் ஊஞ்சலாடும். சோப்புத் தண்ணீரால் கழுவி, முழுவதும் உலர்ந்த பின் மூடியின் அடிப்பக்கத்தையும் பேடையும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். பழைய பளபளப்புத் திரவம் மிச்சம் இருந்தால் எந்தப் பசையும் நிற்காது.

பசையில்லாமல் ஒருமுறை வைத்துப் பார்த்து, ஓரங்களின் இடத்தை டேப்பால் குறியுங்கள். வினிகர் நெடி அடிக்காத வகை சிலிகான் பசையை, ஓரத்திலிருந்து ஒரு விரல் உள்ளே தள்ளி, பென்சில் கனத்துக்குக் கோடாக இடுங்கள். வினிகர் நெடி உள்ளது இரும்பை அரிக்கும். கரைப்பான் கலந்த ரப்பர் பசை மூடியின் பிளாஸ்டிக்கைக் கரைத்து நெளியவைக்கும். வைத்ததும் ஓரங்களை மாஸ்கிங் டேப்பால் இழுத்துக் கட்டி, உள்வளைவான இடங்களில் மணல் நிரப்பிய பைகளை வையுங்கள். ஒரு முழு நாள் வண்டியை வெயிலில் நிறுத்தவோ ஓட்டவோ வேண்டாம். பசை பிடிக்கும் முன் பிளாஸ்டிக் சூட்டில் விரிந்தால் ஓரம் தூக்கிக்கொள்ளும்.